ஒழுங்கையின் கடைசி வீடு: நத்தாரைக் குறித்து நம் சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கும், மூப்பர் சங்கத்தாருக்கும், நத்தார் ஒழுங்குக் குழுவில் பணியாற்றும் சகோதர சகோதரிகளுக்கும்,

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகையில், அறிவித்தற் பலகையில் இவ்வருட நத்தார் நிகழ்ச்சி நிரல் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு நின்று வாசித்தேன். ஒளிவிழா, இரண்டு இரவுகள் கரோல் பவனி, இருபத்தைந்தாம் திகதி காலை ஆராதனை, அதன்பின் மதிய விருந்து என்று எல்லாம் முறையாகத் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தன. கரோல் பவனி செல்லவிருக்கும் பதினொரு வீடுகளின் பட்டியலும் கீழே இருந்தது. அந்தப் பதினொரு வீடுகளையும் நான் அறிவேன். பதினொன்றின் முன்பும் வான் நிறுத்த இடமுண்டு, பதினொன்றிலும் பாடி முடிந்ததும் மேசை நிறையச் சிற்றுண்டி வைப்பார்கள். நாற்பது குடும்பங்கள் கொண்ட நம் சபையில் மிகுதி இருபத்தொன்பது குடும்பங்கள் அந்தத் தாளில் ஏன் இல்லை என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இதே கேள்வியைக் குழுக் கூட்டத்தில் இரு தடவைகள் கேட்டு, "பிறகு பார்ப்போம்" என்ற பதிலை இரு தடவைகளும் பெற்றுக்கொண்டவள் என்பதால், இம்முறை சபையார் அனைவரும் வாசிக்கத்தக்கதாக எழுதுவதை நீங்கள் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற வருடம் நடந்த ஒன்றை முதலில் சொல்லவேண்டும். நம் சபையில் ஒரு தாய் இருக்கிறார். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றின் முடிவில், ரயில் பாதைக்குக் கிட்டிய வீடொன்றின் பின்புறத்து அனெக்ஸ் அறையில் தனியே வசிக்கிறார். சென்ற வருடப் பட்டியலில் அவருடைய வீடும், எப்படியோ, இறுதி வீடாக இடம்பெற்றிருந்தது. அன்றிரவு எட்டாவது வீட்டிலேயே பத்தரை மணி கடந்துவிட்டது. பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், வான் சாரதி தன் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார், ஒழுங்கைக்குள் வானைத் திருப்ப முடியாது என்றும் யாரோ சொன்னார்கள். வான் நேரே தேவாலயத்துக்குத் திரும்பியது. அந்த வானுக்குள் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மடக்கு மேசையை விரித்து, அதன்மேல் ஸ்திரி போட்ட வெள்ளைத் துணியை விரித்திருந்தார். பயற்றம் பணியாரமும் கொக்கிஸும் அடுக்கிய தட்டின்மேல் இன்னொரு தட்டு மூடப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பன்னிரண்டு கோப்பைகள், கைபிடி எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில் அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்: "பிள்ளையளுக்கு நேரம் போயிருக்கும், பாவங்கள். கடைசிக் கோச்சியும் போனாப்பிறகுதான் லைற்றை நூத்தனான்." பிறகு அந்த இரவற் கோப்பைகளுள் ஒன்றை நிமிர்த்தி எனக்குத் தேநீர் ஊற்றினார்.

கேக்கும் கரோலும் வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே கஜுவும் பிளம்ஸும் வெட்டி ஊறப்போடும் வீடுதான் எங்களுடையதும். ஆயினும், நம்முடைய பிரெஸ்பிட்டேரியன் மரபு இந்தப் பண்டிகையோடு ஒருபோதும் இலகுவாக உறவாடியதில்லை என்பதை நம் இளையோர் அறிந்திருப்பது நல்லது. சீர்திருத்தவாதி ஜோன் நொக்ஸின் காலத்தில், 1560இல் சீர்திருத்தம் கண்ட ஸ்கொட்லாந்துத் திருச்சபை, வேதத்தில் கட்டளை இல்லை என்ற காரணத்தால் நத்தாரை விலக்கியது. 1645இல் வெளிவந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை வழிகாட்டி, கர்த்தருடைய நாளாகிய ஞாயிறைத் தவிர வேறு திருநாட்களைத் தொடரவேண்டியதில்லை என்று விதித்தது. ஸ்கொட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்தான். 1842இல் கொழும்பில் தொடங்கி, இன்று கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் நிற்கும் ஸ்கொட்ஸ் கேர்க் தேவாலயத்தில் அக்காலத்தில் கூடிய ஸ்கொட்லாந்தியர், நத்தாரன்றும் வேலைக்குப் போன மக்களின் பிள்ளைகள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒல்லாந்தர் வேறு வழி சென்றார்கள். 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய மாமன்றம் வகுத்த சபை ஒழுங்கு, ஞாயிறுகளோடு கிறிஸ்துவின் பிறப்பையும் உயிர்ப்பையும் பெந்தெகொஸ்தேயையும் ஆசரிக்க இடம்கொடுத்தது. 1642 ஒக்டோபர் 6ஆம் திகதி காலியில் தன் முதல் ஆராதனையை நடத்தி, 1757இல் கொழும்பில் வுல்பெண்டால் தேவாலயத்தைத் திறந்த சீர்திருத்த சபை இந்த வழியில் வந்தது. ஆக, ஒரே விசுவாசத்தின் இரு கிளைகள் இந்த நகரத்தில் வந்து சேர்ந்தன. ஒன்று நத்தாரைச் சந்தேகித்தது, மற்றது அதை அடக்கமாக ஆசரித்தது. நம் சிறு சபையின் இரத்தத்தில் இரண்டும் ஓடுகின்றன. போதாக்குறைக்கு, "நத்தார்" என்று நாம் வாய்நிறையச் சொல்லும் சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. 1656இல் அவர்களைக் கொழும்பிலிருந்து துரத்திய ஒல்லாந்தராலும் அந்தச் சொல்லைத் துரத்த முடியவில்லை; எனக்கு அதில் உள்ளூர ஒரு சிறு மகிழ்ச்சியும் உண்டு.

முன்னோரின் அந்தச் சந்தேகத்தை வெறும் வறட்டுத்தனம் என்று சிறுவயதில் நானும் எண்ணியதுண்டு. ஞாயிறு பாடசாலையில் கற்பிக்கத் தொடங்கியபின்தான் அதன் காரணம் விளங்கியது. ஒல்லாந்து வழிச் சபைகள் பயன்படுத்திய ஐடல்பேர்க் வினாவிடை 1563இல் வெளிவந்தது. வருடம் முழுவதும் கற்பிப்பதற்காக அது 52 ஓய்வுநாட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றிய பாடம் பதினான்காம் ஓய்வுநாளுக்குரியது. ஜனவரியிலிருந்து எண்ணிப் பார்த்தால் அது ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வரும். கொழும்பில் வெயில் கொளுத்தி, புறக்கோட்டைக் கடைகளில் சித்திரைப் புத்தாண்டுக்கு உடுப்பு வாங்கச் சனம் நெரியும் வாரம் அது. நட்சத்திரக் கூடும் மரமும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத அந்த நாளில், அவருடைய பரிசுத்தமான கருத்தரிப்பினாலும் பிறப்பினாலும் உனக்கு என்ன பயன் என்று வினாவிடை கேட்கிறது. அவரே நம் மத்தியஸ்தர், தம் பரிசுத்தத்தினால் நம் பாவத்தை மூடுகிறவர் என்று மறுமொழி சொல்லவைக்கிறது. ஒருமுறை ஏப்ரலில் இந்தப் பாடத்தைத் தொடங்கியபோது, முன்வரிசையில் இருந்த பையன், "இப்ப நத்தாரா, டீச்சர்?" என்று சிரித்தான். நம் முன்னோரைக் கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பார்கள். ஒரு நாளில் எரித்து முடித்துவிட்டு வருடத்தின் மற்ற நாட்களை வெறுமையாக விட்டுவிடுவோம் என்றுதான் அவர்கள் அஞ்சினார்கள். ஜனவரி முதல் ஞாயிறுகளில் நம் வாங்குகள் கிடக்கும் நிலையைப் பார்த்தவர்கள், அந்த அச்சம் தேவையற்றது என்று சொல்லமாட்டார்கள்.

பட்டியல்களைப் பற்றியும் இந்த மண்ணுக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகத்துக்காகவும் உரிமைகளுக்காகவும் ஞானஸ்நானம் பெற்று, பாடசாலைத் தோம்புகள் எனப்பட்ட பதிவேடுகளில் பெயர் பதிந்தவர்கள் ஏராளம். 1796இல் கொழும்பு ஆங்கிலேயரிடம் கைமாறியபின், கட்டாயம் நீங்கவே, அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. ஆனால் இந்நாட்டில் பிறந்து போதகரான பிலிப்பு தெ மெல்லோ தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் இதே கொழும்பில் அச்சேறியது. தோம்பு எழுதியவர்கள் எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நகரத்தில், ஒரு மனிதர் மேசையில் அமர்ந்து அந்தப் பிறப்பின் கதையை நம் மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கவேண்டும். லூக்கா பிறப்பைச் சொல்வது ஒரே வசனத்தில்: சத்திரத்திலே இடமில்லாதிருந்தபடியினால் பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையிலே கிடத்தினாள். நத்தாருக்கு வெளியே நாம் எவரும் உச்சரிக்காத சொல்லாகிவிட்டது இந்த "முன்னணை". ஒளிவிழா மேடையில் வைக்கோலும் மினுங்கற் தாளும் ஒட்டிய அட்டைப்பெட்டிதான் முன்னணை என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மாவின் வீட்டு மாட்டுத் தொட்டியைப் பற்றிச் சொல்வேன். கொட்டிலின் ஓரத்தில் சீமெந்தால் கட்டியது. பசுவின் நாக்குப் பட்டுப் பட்டு அதன் விளிம்பு கூழாங்கல்லைப் போல வழுவழுத்திருக்கும். உள்ளே அடியில் கழுநீரும் தவிடும் காய்ந்து தோலாகப் படிந்திருக்கும்; புளித்த புண்ணாக்கு மணம் முற்றத்துக்கே வரும்; ஈக்களுக்குக் கணக்கில்லை. பசுவுக்கு வைத்துவிட்டு வந்தால் அம்மம்மா கிணற்றடியில் முழங்கை வரைக்கும் கழுவிய பிறகுதான் அடுப்படிக்குள் வருவார். பிறந்து ஒரு மணி நேரமான குழந்தையைக் கிடத்த அந்த இடந்தான் கிடைத்தது என்று சொல்லும்போது, வகுப்பில் சிறிது நேரம் ஒருவரும் பேசமாட்டார்கள்.

யோவானின் நற்செய்தித் தொடக்கத்தில் மேய்ப்பரும் இல்லை, முன்னணையும் இல்லை. வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்று மட்டும் அவர் எழுதுகிறார். "வாசம்பண்ணினார்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல்லுக்குக் கூடாரமடித்துத் தங்கினார் என்பது பொருள். கூடாரம் என்றால் என்னவென்று நம் சபையில் சிலருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. நான் சொன்ன அந்தத் தாய், 2009ஆம் ஆண்டு நத்தாரைச் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு தறப்பாளின் கீழ் கழித்தவர். அன்று தேவாலயமோ மணியோசையோ இல்லை. அடுத்த கொட்டிலில் இருந்த சைவக் குடும்பத்துப் பெண்ணொருவர், இன்று உங்கள் பெருநாள் அல்லவா என்று ஒரு கோப்பைச் சீனியோடு வந்து அமர்ந்தாராம். அந்த வருடத்து நத்தார் அவ்வளவுதான். இவ்வளவு காலம் கழித்து அவர் அதைச் சொல்கையில் பாட்டையோ செபத்தையோ நினைவுகூரவில்லை. வந்தது யார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைத்தான் சொன்னார்.

மூப்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். லூக்காவின் முதலாம் அதிகாரத்தில், ஊமையாயிருந்த சகரியா வாய் திறந்து பாடும்போது, தேவன் தம்முடைய ஜனங்களைச் சந்தித்து மீட்டுக்கொண்டார் என்று பாடுகிறார். மீட்பதற்கு முன்னால் சந்திப்பு வருகிறது. நம் தமிழ்ச் சபைகளில் போதகரும் மூப்பரும் வீடுகளுக்குப் போவதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்: வீடு சந்திப்பு. இந்தச் சொற்பொருத்தத்தை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. தேவன் தாமே கதவு தட்டி வந்த நாளை, நாம் கதவு தட்டாமல் எப்படி ஆசரிப்பது?

பிரெஸ்பிட்டேரியன் என்ற நம் திருச்சபையின் பெயரே மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நமக்குப் பேராயர் இல்லை. சபையின் பராமரிப்பு உங்கள் கைகளில்தான் விடப்பட்டிருக்கிறது. ஸ்கொட்லாந்தில் ஒருகாலத்தில் திருவிருந்துக்கு முன்னர் மூப்பர்கள் தத்தம் பகுதி வீடுகளைச் சந்திப்பதும், தகுதியுடையோருக்கு ஈயத்தில் வார்த்த சிறிய வில்லைகளைக் கொடுப்பதும், அந்த வில்லையோடு வருபவரையே பந்திக்கு அனுமதிப்பதும் வழக்கமாயிருந்தன. அதில் விசாரணையும் கண்டிப்பும் நிறைய இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை; அந்த விசாரணை இன்று நமக்கு வேண்டாம். ஆனால் பனியிலும் சேற்றிலும் பண்ணை பண்ணையாக நடந்த அந்த நடை வேண்டும். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்கு வேலை போயிற்று, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அந்த மூப்பர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் சபையில் மூப்பர்கள் வீடு சந்திப்பதைச் சபையார் கடைசியாகக் கண்டது கட்டட நிதி சேர்த்தபோது என்பதைச் சற்றுக் கூச்சத்தோடு நினைவூட்டுகிறேன்.

தடைகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். வான் வாடகையும் பிள்ளைகளின் நித்திரையும் சிறிய தடைகள். பெரிய தடை வேறொன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கட்டுவாப்பிட்டியிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர், இந்நகரத்துத் தேவாலயங்கள் எல்லாம் வாசலில் ஆள் நிறுத்திப் பைகளைத் திறந்து பார்க்கத் தொடங்கின. நாமும் அப்படியே செய்தோம், செய்யவும் வேண்டியிருந்தது. ஆனால் பக்கவாசல் அன்று பூட்டியது பூட்டியபடியே கிடக்கிறது, முன்வாசலில் புதுமுகங்களிடம் "எந்தச் சபை, யாரைத் தெரியும்" என்று கேட்கும் வழக்கமும் தங்கிவிட்டது. கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கு நத்தார் வேளையில் ஊர் போக லீவு கிடைப்பதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், நத்தார்க் காலை ஆராதனைக்கு அப்படி வந்த இரண்டு பெண்பிள்ளைகள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வீதியின் மறுபக்கம் போய், பஸ் தரிப்பிடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அன்று உள்ளே வாசிக்கப்பட்ட வேதபாகம் சத்திரத்தில் இடமில்லை என்பதுதான்.

ஆகவே, இவ்வருட நிகழ்ச்சி நிரலில் மாற்றம் செய்ய இன்னும் காலம் இருக்கையில், சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். கரோல் பவனியின் இரண்டாம் இரவை வான் போக முடியாத வீடுகளுக்கென்று ஒதுக்குங்கள். பதினைந்து பேரும் ஓகனும் ஒலிபெருக்கியும் அதற்குத் தேவையில்லை. நான்கு பேரும் ஒரு பாட்டுப் புத்தகமும் போதும், பிழையாகப் பாடினாலும் பரவாயில்லை. நத்தாருக்கு முந்திய நான்கு வாரங்களில், மூப்பர்கள் இருவர் இருவராக, நாற்பது குடும்பங்களில் ஒன்றையும் விடாமல் சந்தியுங்கள். சந்தா அட்டையைக் கையில் எடுக்காமல் போங்கள். இருபத்தைந்தாம் திகதி காலையில் திருவிருந்து நடைபெறட்டும். அதே நாளில் போதகர் ஐயா ஒரு மூப்பரோடு சென்று, வர முடியாதவர்களுக்கு அவரவர் படுக்கையருகே அதைப் பரிமாறட்டும். மதிய விருந்து ஒரு மணித்தியாலம் பிந்தினால் சோறு ஆறிப்போகும் என்று விருந்துக் குழுவினர் சொல்வார்கள், ஆறட்டும். வாசலில் பை பார்ப்பது தொடரட்டும், ஆனால் பார்த்து முடிந்ததும் புதிதாக வருபவரை அழைத்துச் சென்று தன்னருகே இருத்தும் ஒருவரையும் அங்கே நிறுத்துங்கள். ஒளிவிழாவைப் பற்றி ஒன்றே ஒன்று: நத்தார் தாத்தாவின் வருகைக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், லூக்கா இரண்டாம் அதிகாரம் நிரலில் இல்லை. அதன் முதல் இருபது வசனங்களை ஒரு பிள்ளை வாசிக்க நான்கு நிமிடத்துக்கு மேல் செல்லாது. வாசிக்கக்கூடிய பிள்ளையை நான் ஆயத்தப்படுத்தித் தருகிறேன்.

இவற்றுள் எதையும் இவ்வருடம் செய்ய இயலாது என்று நீங்கள் தீர்மானித்தால், அந்தத் தீர்மானத்தையும் காரணத்தோடு அறிவித்தற் பலகையில் ஒட்டிவிடும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தாயின் வீட்டுக்கு மட்டும் நான் வழி சொல்லிவிடுகிறேன். காலி வீதியில் இறங்கி ஒழுங்கைக்குள் நடக்க ஐந்து நிமிடம். கடைசி மின்கம்பத்தில் விளக்கு எரிவதில்லை, அதன்பின் வலப்பக்கம் ஒரு சிறிய தகரக் கேற். நாயொன்று குரைக்கும், கடிக்காது. இரண்டாம் இரவு ஏழரை மணியிலிருந்து நான் ஒழுங்கை முகப்பில் டோர்ச்சோடு நிற்பேன். இம்முறையும் பன்னிரண்டு கோப்பைகள் இரவல் வாங்கப்போவதாக அவர் சொல்லிவிட்டார்.

கிறிஸ்துவின் பணியில்,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருத்தி
வெள்ளவத்தை, கொழும்பு